காலி வண்டி எடை

போன வாரம் நாம் விட்டுவந்த இடத்திலேயேதான் அவள் இன்னும் நிற்கிறாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், எடை மெஷின் மேல், வெறுங்காலோடு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு. மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்பது அவளுக்கும் தெரியும். ஒன்பது வாரமாக எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்தே பழக்கமாகிவிட்டது.

ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அறுபத்தொன்பது. இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். எழுபத்திரண்டு சென்டிமீட்டர். போன வியாழக்கிழமை பாக்கியிருந்த இரண்டு சென்டியும் இறங்கிவிட்டது. கம்பெனி கொடுத்த கெடு இன்றைக்கு மதியம் இரண்டு மணி.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வேலை ஆயத்த ஆடை கம்பெனியின் சாம்பிள் அறையில். வெட்டுவதில்லை, தைப்பதில்லை; நிற்பதுதான் வேலை. கப்பலேறிப் போகிற சட்டைகளில் மீடியம் அளவு முதலில் ஒரே ஒரு உடம்பின் மேல் போட்டுப் பார்க்கப்படும். அந்த உடம்பு ஆறு வருடமாக அவளுடையது. மார்பு தொண்ணூறு, இடுப்பு எழுபத்திரண்டு, அதற்குக் கீழே தொண்ணூற்றேழு. அவள் உடம்பு மாறினால் பத்தாயிரம் சட்டையும் மாறும். கம்பெனியில் அவளை எல்லோரும் 'மீடியம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

விடுப்பு முடிவதற்குள் மூன்று அளவும் பழையபடி வந்தால் வேலை அவளுக்கு. வராவிட்டால், பேக்கிங் பகுதியிலிருந்து கூட்டிவந்து நிறுத்தியிருக்கிற புதுப்பெண்ணுக்கு. கண்ணை மூடிக்கொண்டு, "இடது அக்குள்ல அரை சென்டி இழுக்குது மாஸ்டர்" என்று சொல்லத் தெரிந்தவள் அவள். அந்த வித்தை அந்த அறைக்கு வெளியே செல்லாக்காசு.

அதனால்தான் குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது கைப்பேசியில் கலோரி எண்ணும் செயலியைப் போட்டுக்கொண்டாள். அது முதலிலேயே ஒரு கேள்வி கேட்டது. பால் கொடுக்கும் தாயா? ஆம் என்று அழுத்தினால், நாளுக்கு ஐந்நூறு கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொன்னது. இல்லை என்று அழுத்தினாள். அப்போது குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு செயலி சொன்ன அளவையும் பாதியாக வெட்டினாள். பசித்தால் தண்ணீர். ஆரம்பத்தில் அரை டம்ளர், அப்புறம் இரண்டு, இப்போதெல்லாம் நின்ற இடத்திலேயே நாலைந்து. தண்ணீருக்குக் கலோரி கிடையாது.

வெளியே கதவு தட்டும் சத்தம்.

"மெஷின் மேல நின்னு தவம் பண்றியா? ஊசி போடற இடத்துல கூட்டம் வந்துடும்."

அவளுடைய நாத்தனார்தான். கணவனுக்கு மூத்தவள், மாலையில் விடுதிச் சமையலறை வேலை, காலையில் இந்த வீட்டுச் சமையலறை. இருநூறு பேருக்கு அளவு பார்த்துச் சோறு போடுகிறவளுக்கு, இந்த ஒரு தட்டு மட்டும் கணக்கில் வராமல் இருந்தது.

"முட்டை ரெண்டு, சோறு, பருப்பு எல்லாம் டப்பால வெச்சிருக்கேன்" என்றாள். "நேத்து வெச்சது குப்பைக் கூடையில, காகிதத்துல மடிச்சு இருந்துது. எலிக்குக் கூட இவ்வளவு ஒழுங்கா மடிக்கத் தெரியாது."

"பசிக்கல அண்ணி."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்வாங்க. உங்க ரெண்டு பேருக்கும் வயிறுதான் ரெண்டு. வாய் ஒண்ணுதான். அதை ஞாபகம் வெச்சுக்கோ."

அவள் குழந்தையைத் தூக்கினாள். குண்டுமணி என்று செல்லப்பெயர். தூக்கத்திலேயே தலை சாய்ந்து தோளில் ஒட்டிக்கொண்டது. தெரு முழுக்கப் பேர் வாங்கிய குழந்தை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இரவெல்லாம் கத்துகிறபோது, இது பத்து மணிக்குப் படுத்தால் காலையில் எழுப்பித்தான் பால் கொடுக்கவேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், எங்கள் பிள்ளை அழாமலே வளருது என்று அவள் கணவன் வேலையிடத்தில் பெருமை பேசாத நாள் இல்லை.

வளர்வதற்கு ஆதாரமும் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தது.

அவனுக்கு லாரிகளை எடை போடும் எடைமேடையில் இரவு வேலை. சரக்கோடு வரும் வண்டியை ஏற்றி ஒரு எடை, இறக்கிய பிறகு காலி வண்டிக்கு ஒரு எடை; கழித்தால் சரக்கு. குழந்தையையும் அப்படியே போட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு எடை, அம்மா மட்டும் ஒரு எடை. தாளில் இரண்டு வரிசை. ஒன்று வாராவாரம் இறங்கியது, ஒன்று வாராவாரம் ஏறியது.

"இறக்கற இடத்துல இறக்கி, ஏத்தற இடத்துல ஏத்துது பாரு" என்று அக்காவிடம் காட்டுவான். "நான் போட்ட எடை. அரசாங்கமே வந்தாலும் அசைக்க முடியாது."

வேலையில் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன். எடையைக் கூட்டிக் காட்ட லாரிக்கு அடியில் டேங்கு வைத்துத் தண்ணீர் நிரப்பி வந்து, காலி எடைக்கு முன் திறந்துவிடும் ஆட்களை, டேங்கை விரலால் தட்டிப் பார்த்தே பிடித்துவிடுவான். சாப்பிடும்போது தட்டைத் தட்டி அந்தச் சத்தத்தை நடித்தும் காட்டுவான். நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிக்கொண்டதை இரண்டு அத்தியாயங்களுக்கு முன் பார்த்தோம்.

போன ஞாயிறு எழுதியிருந்தது: குண்டுமணி, ஐந்து கிலோ அறுநூறு.

*

ஊசி போடும் நிலையத்தில் நர்ஸ் குழந்தையைத் தட்டில் வைத்தாள். எண் ஓடி நின்றது. எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

நாலு கிலோ எழுநூறு.

"ஆறாவது வாரத்துல நாலு இருநூறு. இப்போ பதினாலு வாரம்" என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்துப் படித்தாள் நர்ஸ். "போன தடவை எடை போடலையா?"

போன தடவை கூட்டம். எடை போடாமலே ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில்தான் போடுகிறோமே என்று அவளும் கேட்கவில்லை.

"மெஷின் சரியில்ல சிஸ்டர்" என்றாள். "வீட்டுல அஞ்சு அறுநூறு இருக்கு. என் வீட்டுக்காரருக்கு எடை போடறதுதான் வேலை."

நர்ஸுக்குக் கோபம் வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கிலோ இரும்புக் கல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள். மெஷின் இரண்டு கிலோ என்றது. கல்லை எடுத்து அதனிடத்தில் வைத்துவிட்டுத்தான் கேள்விகளைத் தொடங்கினாள். நாளுக்கு எத்தனை துணி நனைகிறது, எத்தனை தடவை பால், நீ என்ன சாப்பிடுகிறாய். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாள் அவள். மூன்று வேளையும் என்றாள். கையில் பிடித்திருந்த டப்பாவைக்கூடக் காட்டினாள்.

நர்ஸ் டப்பாவைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ராத்திரி அழுமா?"

"அழவே அழாது சிஸ்டர். ரொம்ப சமத்து."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"சமத்து இல்லம்மா. அழறதுக்குத் தெம்பு இல்ல."

அதற்கப்புறம் நர்ஸ் சொன்னதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. பால் கொடுக்கிற உடம்பு இளைக்கலாம், தப்பில்லை. வாரத்துக்கு அரைக் கிலோ, அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே. பட்டினி போட்டால் பால் குறையும். பால் குறைந்தால் பிள்ளை தூங்கும். தூங்கினால் குடிக்காது, குடிக்காவிட்டால் இன்னும் குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடு. தாய்ப்பாலோடு மேல்பால் வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும்.

"திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார். கூட்டிட்டு வந்துடு. எடை ஏறலைன்னா வார்டுல சேர்த்துடுவாங்க. நீயும் கூட இருக்கணும். வேலை கீலைன்னு சொல்லாத."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை எழுப்பிப் பால் கொடுத்தாள். ஒரு பக்கம் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. டப்பாவைத் திறந்தாள். ஒரு முட்டையை எடுத்துக் கடித்தாள். உப்பில்லாத வெறும் முட்டை அத்தனை ருசியாக இருந்தது. இன்னொரு கடி வாய்க்குப் போகுமுன் கை நின்றது. மணி பதினொன்று. இரண்டு மணிக்கு டேப்.

மிச்சத்தைக் காகிதத்தில் மடித்தாள்.

*

வீட்டில் அவன் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஊசி போட்டாயிற்று என்றாள். எடை எவ்வளவு என்று கேட்டான். இன்றைக்கும் கூட்டம், போடவில்லை என்றாள். அவன் சிரித்தான். அந்த மெஷின் யாருக்கு வேண்டும் என்று குழந்தையை வாங்கிக்கொண்டான். அட்டையைக் குழந்தையின் துணிப்பைக்கு அடியில், மாற்றுத் துணிகளுக்குக் கீழே வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

சாம்பிள் அறையில் எதுவும் மாறவில்லை. அதே நீள மேஜை, அதே நீராவி வாசனை, சுவரில் தொங்கும் காகித வெட்டுகள். அவள் நிற்கும் மரப்பலகையின் மேல் புதுப்பெண் நின்றுகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், யாருடைய செருப்பையோ மாற்றிப் போட்டுக்கொண்டவள்போல இறங்கினாள்.

"வா மீடியம்" என்றார் மாஸ்டர். காதில் சாக்குக்கட்டி, கழுத்தில் டேப். "பாதியா வந்திருக்கியே. வீட்டுல அரிசி இல்லையா?"

சிரித்தாள். மாஸ்டர் டேப்பை இடுப்பில் சுற்றினார். எழுபத்திரண்டு. கீழே தொண்ணூற்றேழரை. "பலே" என்றார். பிறகு மார்பு. டேப்பைப் பார்த்தார். தளர்த்தி மறுபடி சுற்றினார்.

தொண்ணூற்றுநாலு.

அறையின் மூலையில் கம்ப்யூட்டர் முன் இருந்த மேடம் திரும்பாமலே கேட்டாள். "பால் கொடுக்கிறியா?"

"ஆமா மேடம்."

"எப்ப நிறுத்துவே?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் சாக்குக்கட்டியைப் பார்த்தார். ஒரு சென்டிவரை விட்டுக்கொடுக்கலாம், நாலு முடியாது என்று மேடம் விசைகளைத் தட்டிக்கொண்டே சொன்னாள். திங்கட்கிழமை, சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆளே வந்து அளக்கப்போகிறான். அவனுக்கு எந்தக் கதையும் சொல்லமுடியாது.

மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். மூன்று பிள்ளை பெற்றவர் அவர். "தப்பா நினைக்காத. குழந்தை குடிச்சு நேரமாச்சு போலிருக்கு. கொஞ்சம் இறக்கிட்டு வா. மறுபடி பாக்கலாம்."

கழிவறையில் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். முகம் கழுவும் தொட்டியின் மேல் குனிந்தாள்.

மூன்றரை மணி நேரத்துப் பால். முதலில் நூலாக வந்தது, பிறகு துளித்துளியாக. தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கி, குழாய்த் தண்ணீரில் கலந்து, துளைக்குள் போனது. காலையில் நர்ஸ் கேட்டது, இது எங்கே என்றுதான். இங்கே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கடைசித் துளிவரை, சுத்தமாக, எதையும் அரைகுறையாகச் செய்யாதவள் செய்வதுபோலச் செய்தாள்.

இரண்டாம் முறை டேப் தொண்ணூற்றொன்றரை காட்டியது. மாஸ்டர் கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தினார்.

"தொண்ணூத்தொண்ணு" என்றார் சத்தமாக. "போகட்டும் மேடம்."

மேடம் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்கவேண்டும். சீசன் முடிய மூன்று மாதம். அதுவரை இந்த அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒன்பது மணி என்று காதில் விழுந்தபோதும் அவள் தலையை ஆட்டினாள். ஆறு வருடமாக அந்தப் பலகையின் மேல் தலையை ஆட்டித்தான் பழக்கம்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. விடுதிக்குப் போயிருக்கவேண்டிய நாத்தனார் போகவில்லை. கூடத்து நடுவில் எடை மெஷின். பக்கத்தில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் குண்டுமணி தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சுவரிலிருந்து உரித்த தாள். இன்னொரு கையில், மாற்றுத் துணி தேடும்போது கிடைத்த அட்டை.

"நான் ஏறி நின்னு பாத்தேன்" என்றான். "தனியா ஒண்ணு, இவளோட ஒண்ணு. மூணு தடவை. நாலு எழுநூறுதான். மெஷின் நல்லாத்தான் இருக்கு."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை உன் காலி எடையை எப்ப போடுவே?"

"ஆறு மணிக்கு." அவன் வேலையிலிருந்து வருமுன், வெறும் வயிற்றில். அப்போதுதான் எண் ரொம்பக் கம்மியாகக் காட்டும். தாளில் அவளே எழுதிவிடுவாள்.

"சேர்த்துப் போடறது?"

"நீங்க எழுந்ததும். பதினோரு மணிக்கு."

"நடுவுல என்ன சாப்பிடுவே?"

"ஒண்ணும் சாப்பிட மாட்டேன்."

"குடிக்கறது?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அரை டம்ளர் குடித்த வாரம் குழந்தை கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு டம்ளர் குடித்த வாரம் இன்னும் கொஞ்சம். நாலைந்து குடிக்கத் தொடங்கிய பிறகு தாளில் எண் துள்ளிக்கொண்டு ஏறியிருந்தது. அத்தனை வாரமும் வளர்ந்தது அவள் வயிற்றுக்குள் இருந்த தண்ணீர்.

"தண்ணி" என்றாள்.

அவன் தாளை மடித்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கும் பதிலுக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும்.

"ஊரான் லாரியோட டேங்கைத் தட்டித் தட்டிப் பாத்தேன்" என்றான். மடித்த தாளைத் தரையில் வைத்துவிட்டு, "காலி வண்டி எடையைத் தப்பாப் போட்டுட்டோம்" என்றான்.

அதில் தப்பில்லை என்று நினைத்தாள் அவள். வண்டி காலியாகத்தான் இருந்தது.

நாத்தனார் தட்டு நிறையச் சோறு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். காலையில் பழமொழி சொன்னவளுக்கு இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு டாக்டர்னு போட்டிருக்கு" என்றான் அவன், அட்டையைப் பார்த்து. "நானும் வரேன்."

"ஒன்பது மணிக்குத்தான் அங்கேயும் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். "அளவு சரியா இருக்காம்."

அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். இன்னொன்று. மூன்றாவது கவளத்தில் வயிறு வலித்தது; அதற்கு வழக்கம் விட்டுப்போயிருந்தது. இந்தத் தட்டு முழுக்க உள்ளே போனாலும் பால் ஊற எத்தனை நாளாகும் என்று நர்ஸ் சொன்னாளா, இவள்தான் கேட்கவில்லையா, ஞாபகம் இல்லை. வியாழன் முடிகிறது. நடுவில் மூன்று நாள்.

குழந்தையை வாங்கி மடியில் போட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றாளே நர்ஸ். அவன் ஈரத்துணியால் அதன் பாதத்தைத் துடைத்தான். குண்டுமணி கண் திறந்தது. நாலு முறை உறிஞ்சியது. மதியம் தொட்டியில் போனது போனதுதான். வாய்க்கு ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்று கை காலை உதைக்கவும் இல்லை. யாரையும் தொந்தரவு செய்ய விருப்பமில்லாததுபோல வாயை மூடிக்கொண்டு கண்ணைச் செருகிக்கொண்டது.

"அழுடி" என்றாள் அவள். "ஒரே ஒரு தடவை அழுதுடு."

"அழு குட்டி" என்றான் அவன்.

நாத்தனார் குனிந்து, தொடையில் கிள்ளப் போனாள். கிள்ளச் சதை தேடிய விரல்கள் அங்கேயும் இங்கேயும் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தன.

மூன்று பெரியவர்கள் ஒரு குழந்தையைச் சுற்றி உட்கார்ந்து, அழச் சொல்லிக் கெஞ்சினார்கள். சொன்ன பேச்சு கேட்கும் என்று தெரு முழுக்கப் பேர் வாங்கிய பிள்ளை, இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்கவில்லை.